மாதம்மாவின் கேனில் என் சர்க்கரை

மருத்துவ ஆராய்ச்சிக்கு என் உடம்பிலிருந்து நான் ஒரே ஒரு முறைதான் நன்கொடை கொடுத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. கொடுத்ததை நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த நன்கொடையால் ஒரு குடும்பமே அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு மலையிறங்கி வந்து கண்கலங்கி நின்றது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அதியமான்கோட்டைதான் ஊர். பி.எஸ்சி. முடித்துவிட்டு, தர்மபுரியில் தைராய்டு பற்றி நடந்துகொண்டிருந்த ஓர் ஆராய்ச்சியில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தேன். கழுத்தில் மாட்ட ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். (குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்.) “எம் பையன் டாக்டருக்கு அடுத்த ஆளு” என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். டாக்டருக்கு அடுத்த ஆள் என்ன வேலை செய்தார் என்பதை மட்டும் நான் வீட்டில் விளக்கவில்லை. நான் மூத்திரம் சுமந்தேன்.

வத்தல்மலைப் பெண்கள் சிலருக்குக் கழுத்து வீங்கியிருந்தது. சாப்பிடும் உப்பில் அயோடின் போதவில்லையா, வேறு காரணமா என்று பார்க்க வேண்டும். அதற்கு ரத்தப் பரிசோதனையோடு, ஒரு காலை தொடங்கி மறுநாள் காலை வரை கழியும் சிறுநீர் முழுவதையும் ஒரு கேனில் பிடித்துத் தர வேண்டும். ஒரு தடவை தவறினாலும் கணக்குத் தப்பு.

இதை மலையில் வீடு வீடாகப் போய்க் கேட்டவர் ஸ்டெல்லா டாக்டர். ஹார்மோன் நோய்களுக்குப் படித்தவர். பெரிய ஊர்களில் ஏசி அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியவர், ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து விளக்குவார். கேட்பவர் திருப்பி ஒரு கேள்வியாவது கேட்கும்வரை கையெழுத்து வாங்க மாட்டார். “கேள்வியே கேக்காம கையெழுத்துப் போட்டாங்கன்னா, நாமதான் சரியாச் சொல்லலைன்னு அர்த்தம் முனிராஜ்” என்பார்.

மாதம்மா மூன்று கேள்வி கேட்டார். அவருக்கு நாற்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். சாமையும் கொஞ்சம் மிளகும் போட்டிருந்த குடும்பம். அவருடைய மூன்றாவது கேள்வி: “காட்டுல இருக்கறப்ப வந்தா என்னங்க பண்றது?”

“கேனையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போகணும்மா” என்றார் டாக்டர்.

அப்படியே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மறுநாள் காலை நான் கேனை வாங்கப் போனபோது, அதை ஒரு பழைய சேலைத் துணியில் சுற்றி, பூஜைச் சாமான் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். “ஒரு சொட்டு வுடலீங்க சார். நேத்து எங்கண்ணன் வூட்டுல காதுகுத்து. அங்கியும் கொண்டுகிட்டுத்தான் போனேன். ‘அது என்னா பையில?’ன்னு ஊரே கேட்டுச்சு. கவர்மெண்டு ரகசியம்னுட்டேன்.”

கேனின் அளவுக்கோட்டைப் பார்த்தேன். ஆயிரத்து அறுநூறு மில்லி. பதிவேட்டில் எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாவின் முகத்தில் பரீட்சை நன்றாக எழுதியவரின் களை.

மூன்று கேன்களைப் பைக்கின் பின்சீட்டில் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினேன். நான்காவது கொண்டை ஊசி வளைவில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். ஆடு நின்றது, நான் நின்றேன், மாதம்மாவின் கேன் மட்டும் நிற்கவில்லை. உருண்டு போய் ஒரு பாறையில் முட்டியது. மூடி தனியாக ஓடியது. (மூடியை நான்தான் இறுக்கியிருக்க வேண்டும். ஆட்டின் மேல் பழி போட மாட்டேன்.) ஓடிப்போய் நிமிர்த்தியபோது தொள்ளாயிரம் மில்லி மிச்சம் இருந்தது.

யோக்கியன் என்ன செய்வான்? டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்வான். நான் கழுத்து அட்டையைப் பார்த்தேன். காதுகுத்து வீட்டுக்குக் கேன் சுமந்த அம்மாவிடம் போய், ‘இன்னொரு தடவை பிடிங்க’ என்று எந்த முகத்தோடு சொல்வது? பதிவேட்டில் வேறு ஆயிரத்து அறுநூறு என்று இருவர் கையெழுத்தும் இருக்கிறது. எழுநூறு மில்லி குறைகிறது.

அந்த விஷயத்தில் அப்போது எனக்குப் பஞ்சமே இல்லை. சில மாதங்களாகவே குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும், மரம் மரமாக ஒதுங்குவதுமாக இருந்தேன். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. மலை ஏறி இறங்குவதால் உடம்பு கட்டுக்கு வந்திருக்கிறது என்று கண்ணாடி முன் நின்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

அடிவாரம் சேர்வதற்குள் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தி அளவைச் சரி செய்தேன். மூன்றாவது இடத்தில் ஒரு கணவனும் மனைவியும் மொபெட்டில் கடந்து போனார்கள். கையில் கேனோடு, கழுத்தில் அட்டையோடு நின்ற அரசாங்க விசுவாசியைப் பார்த்து அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் கோடு சரியாக ஆயிரத்து அறுநூறில் நின்றது.

அன்று மதியமே டாக்டர் என்னை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். அயோடின் சோதனைக்கு அனுப்பும் முன் எல்லாக் கேன்களிலும் ஒரு சாதாரண சோதனைப் பட்டையை முக்கிப் பார்ப்பது வழக்கம். பட்டை கரும்பழுப்பாக மாறியிருந்தது.

“மாதம்மா யூரின்ல இவ்வளவு சர்க்கரை! ஆனா முந்தாநாள் எடுத்த ரத்தத்துல சர்க்கரை நார்மல். இது எப்படி முனிராஜ்?”

“பட்டை பழசா இருக்கும் மேடம்.”

புதுப் பெட்டியைப் பிரித்தார். புதுப் பட்டை இன்னும் கறுத்தது. டாக்டரின் கண்கள் விரிந்தன. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரகம் அதை வெளியே விட்டுவிடுகிற அபூர்வமான ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு என்றார். படித்திருக்கிறாராம்; பார்த்ததில்லையாம். புத்தகத்தை எடுத்தார், படம் போட்டு எனக்கு விளக்கினார். ஒரு நோய் என் கண் முன்னாலேயே பிறந்து, பெயர் சூட்டிக்கொண்டு, குடும்ப மரமும் போட்டுக்கொண்டது. அதற்குத் தகப்பன் நான்.

“அவங்க பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க எல்லாரையும் பாக்கணும். பயமுறுத்தாம கூட்டிட்டு வாங்க” என்றார்.

நான் பயமுறுத்தவே இல்லை. போனில், “சின்ன டெஸ்ட்தாங்க, குடும்பத்தோட வாங்க” என்று மட்டும் சொன்னேன். (இதைவிடப் பயமுறுத்தும் வாக்கியம் தமிழில் இல்லை என்று பிறகு தெரிந்தது.) இரண்டாம் நாள் காலை, சாமை அறுப்பை அப்படியே போட்டுவிட்டு ஜீப் பிடித்து ஏழு பேர் வந்து இறங்கினார்கள். மாதம்மா, கணவர், இரண்டு பையன்கள், காதுகுத்து நடத்திய அண்ணன், அண்ணி, காது குத்திக்கொண்ட குழந்தை.

கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கிட்னி போயிருச்சாங்க சார்?”

டாக்டர் பொறுமையாக விளக்கத் தொடங்கினார். மாதம்மா பாதியில் நிறுத்தினார். “எனக்கு எது வந்தாலும் பரவால்லீங்க டாக்டரம்மா. புள்ளைங்களுக்கும் இருக்குமா? அத மட்டும் சொல்லுங்க.”

சின்னவன் அதற்குள் சட்டைக் கையை மடித்து ஊசிக்கு நீட்டிவிட்டான். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“மேடம், அது அவங்களுது இல்ல.”

“எது?”

“சர்க்கரை. அது என்னுது.”

அறையில் ஒருவருக்கும் புரியவில்லை. ஆடு, பாறை, மூடி, மூன்று மரம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மொபெட் தம்பதியைக்கூட விடவில்லை. டாக்டர் முகத்தில் ரத்தமே இல்லை. மாதம்மாவின் அண்ணன் முன்னால் வந்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மாதம்மாவின் குரல்தான் கேட்டது. “அட இருங்கண்ணா! அப்படின்னா சக்கர வியாதி இந்த சாருக்கா? மொதல்ல அவர பாருங்க டாக்டரம்மா. ஆளே பாதியா இருக்காரு.”

இத்தனை படித்தவர்கள் இருந்த அறையில் அது அவருக்குத்தான் முதலில் தோன்றியது. டாக்டர் என் விரலில் குத்தினார். கருவி முந்நூற்று எண்பது என்று காட்டியது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் மலை வளைவிலேயே மயங்கி விழுந்திருப்பேன் என்றார். அன்றே என்னை வேலையிலிருந்து எடுத்தார்; அன்றே நோயாளியாகவும் சேர்த்துக்கொண்டார். முதல் இன்சுலின் ஊசியை அவரே போட்டார். அதைக் கொஞ்சம் வேகமாகவே போட்டார் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு அவர் செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. எழுந்து நின்று அந்த ஏழு பேரிடமும், “என் ஆள் செஞ்ச தப்பு என் தப்புங்க. மன்னிச்சிருங்க” என்றார். மாதம்மாவின் கேனோடு முடித்திருக்கக்கூடிய விஷயம். ஆனால் நான் சுமந்த எந்தக் கேனையும் இனி நம்ப முடியாது என்று, அதுவரை நான் கொண்டுவந்திருந்த அத்தனையையும் கணக்கிலிருந்து அடித்தார். (மற்றதெல்லாம் சுத்தமானது என்று சத்தியம் செய்தேன். என் சத்தியத்துக்கு அன்று மதிப்பு குறைவு.) மேலிடத்துக்குத் தானே எழுதிப் போட்டார். பல மாத உழைப்பு. மூடி மறைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த வீடுகளுக்கெல்லாம் தானே மறுபடி ஏறி, நடந்ததைச் சொல்லி, மறுபடி கேட்டார். ஒருசிலர் மறுத்தார்கள், பெரும்பாலானவர்கள் கொடுத்தார்கள்.

மாதம்மா முதல் ஆளாகக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: “கேன நீங்களே வந்து வாங்கிக்கோங்க டாக்டரம்மா.”

ஆராய்ச்சி முடிந்து அறிக்கை வந்தபோது வாங்கிப் படித்தேன். ‘களப்பணியில் நேர்ந்த ஒரு தவறினால் சில மாதிரிகள் விலக்கப்பட்டு மீண்டும் சேகரிக்கப்பட்டன’ என்று ஒரு வரி. பெயர் இல்லை. உண்மையையும் மறைக்காமல் என் மானத்தையும் வாங்காமல் ஒரு வரி எழுத முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இப்போது நான் விதைக்கடை வைத்திருக்கிறேன். டாக்டரிடம் மாதா மாதம் போகிறேன். சென்ற தை மாதம் மாதம்மாவின் பெரிய பையனுக்குக் கல்யாணம். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். பந்தியில் என் இலையில் பாயசம் ஊற்ற ஒருவர் குனிந்தார். எங்கிருந்தோ மாதம்மா ஓடிவந்து கரண்டியைப் பிடித்துவிட்டார்.

பக்கத்து இலைப் பெரியவர், “ஏம்மா, இவரு உனக்கு என்ன ஒறவு?” என்றார்.

மாதம்மா பந்திக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “இவரு சக்கர மொதல்ல எனக்குத்தாங்க வந்துச்சு. நாந்தான் போனாப் போவுதுன்னு திருப்பிக் குடுத்தேன்!”

என் மனைவிக்கு அதுவரை நான் பாதிக் கதைதான் சொல்லியிருந்தேன். மீதியை மாதம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். இப்போது எங்கள் வீட்டில் நான் எதைக் கொண்டுவந்து வைத்தாலும், பால் பாட்டிலானாலும் சரி, இளநீரானாலும் சரி, மனைவியும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

“அளவு சரியா இருக்குதுங்களா?” என்று மகள் கேட்கிறாள்.

“சரியாத்தான் இருக்குது. அதான் பயமே” என்கிறாள் அவள் அம்மா.