விதிப்புத்தகம், பக்கம் பதினான்கு

சீட்டாடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கேரம் போர்டில் பவுடரைக் கொட்டிக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி சுண்டுகிறவர்களையும் தெரியும். இவர்களெல்லாம் ஆடுகிறவர்கள். இங்கே சொல்லப்போவது ஆட்டத்தை விளக்குகிறவரைப் பற்றி. பெட்டி பெட்டியாக வெளிநாட்டு விளையாட்டுகளை வரவழைத்து, பிரித்து, முகர்ந்து, அடுக்கி, நாலு பேரைக் கூட்டி உட்காரவைத்து, விதிகளைச் சொல்லத் தொடங்கி, சொல்லிக்கொண்டே இருந்து, கடைசியில் "சரி, நேரமாயிட்டு, அடுத்த வாரம் ஆடுவோம்" என்று மூடியைப் போட்டு மூடுகிற இனம் அது. பெரிய நகரங்களில்தான் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். தப்பு. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்தும் அந்த இனம் நன்றாகவே வளர்கிறது.

பாளையங்கோட்டை மகாராஜநகர் குமரகுருபரனையே எடுத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பத்து மூன்று. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். கோப்பில் ஒரு கால்புள்ளி குறைந்தாலும் திருப்பி அனுப்புகிற மனிதர். அந்தக் குணம் ஞாயிற்றுக்கிழமையும் அவரை விடுவதில்லை. வீட்டு அலமாரியில் நாற்பத்தேழு பெட்டிகள். முன்பு அங்கே மனைவி மதுமதியின் பட்டுச் சேலைகள் இருந்தன. இப்போது சேலைகள் கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேசில் இருக்கின்றன.

புதுப் பெட்டி வந்துவிட்டால் அன்று வீட்டில் விசேஷம். மேலே சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளைப் பிளேடால் கிழிப்பார். மூடியைப் பையத் தூக்கி, உள்ளே மூக்கை நுழைத்து, அச்சு மையின் வாசனையைக் கண்மூடி இழுப்பார். பிறகு மரக்கட்டைகளை நிறம் பிரித்துச் சின்னச் சின்னப் பைகளில் போட்டு, முந்நூறு அட்டைக்கும் ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறை மாட்டுவார். இரண்டு ராத்திரி அதிலேயே போகும். நாற்பத்தேழில் கடைசிவரை ஆடி முடித்தவை எத்தனை என்று கேட்கிறீர்களா? இரண்டு. அதில் ஒன்று அவர் தனியாக ஆடியது.

அவர் வாயில் அடிக்கடி வரும் சில வசனங்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. "ரொம்ப எளிமையான ஆட்டம்" என்றால் விளக்கம் ஒரு மணி நேரம். "ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு" என்றால் பதினொன்று. "ஆட ஆடத் தானாப் புரிஞ்சிரும்" என்பார், ஆனால் ஆட விடமாட்டார். நீங்கள் ஆர்வத்தில் ஒரு கட்டையைத் தொட்டுவிட்டீர்களா? "பொறுங்க, பொறுங்க, இன்னும் அந்தக் கட்டத்துக்கே வரல." அவ்வளவுதான், கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய தொல்லை அல்வா. திருநெல்வேலியில் ஒரு வீட்டுக்குப் போகிறவர் சும்மா போவாரா? சுடச்சுட அல்வா வாங்கிக்கொண்டுதான் போவார். வாசலிலேயே அந்தப் பொட்டலத்தைக் குமரகுருபரன் வாங்கிவிடுவார். சமையலறையில் வைத்துக் கரண்டியால் ஊட்டாத குறையாகத் தின்னவைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவவைத்து, துண்டால் துடைக்கவைத்து, விரல்களை ஒருமுறை பார்வையிட்ட பிறகுதான் மேசைப் பக்கம் விடுவார். நெய் பட்ட அட்டையை அவரால் கற்பனைகூடச் செய்ய முடியாது.

ஆரம்பத்தில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் வந்தார்கள். ஒருவருக்கு மாமியார் வந்துவிட்டார், ஒருவருக்கு வயிறு சரியில்லாமல் போனது, ஒருவர் திருச்செந்தூர் போனவர் வாராவாரம் திருச்செந்தூரே போய்க்கொண்டிருந்தார். மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் ஞானையா, கல்லூரித் தோழர், பம்ப்செட் கடைக்காரர். இன்னொருவன் இசக்கிராஜா, அலுவலகத்தில் இளையவன். அம்பாசமுத்திரத்தில் இரண்டு ஏக்கர் நெல் வயலை வைத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் வேலைக்கு வந்துபோகிறவன். அந்த இசக்கிராஜாதான் போன வாரம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"அண்ணாச்சி, மூணு மாசமா ஞாயித்துக்கிழமையும் பஸ் ஏறி வாரேன். ஒரு தடவையாவது யாரு ஜெயிச்சான்னு தெரிஞ்சிட்டு வீட்டுக்குப் போணும்லா? அடுத்த வாரமும் முடியலைன்னா இனிமே என்னைக் கூப்பிடாதீங்க."

"எனக்கும் அதான்வே" என்றார் ஞானையா.

குமரகுருபரன் சிரித்து மழுப்பினார். உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. இவர்களும் போய்விட்டால் அலமாரியில் இருப்பதெல்லாம் வெறும் அட்டையும் மரத்துண்டும்தான் என்பது அவருக்குத் தெரியாதா? விளையாட ஆள் வேண்டும் என்ற ஆசையில்தான் இத்தனையும் சேர்த்தார். வந்த ஆளை ஆட விடத்தான் தெரியவில்லை.

போதாக்குறைக்கு அந்த வாரம் வந்த பெட்டிக்குச் சரியாக நாலு பேர் வேண்டும். ஆறு வருஷமாக அந்த மேசையில் உட்காராத மதுமதியிடம் போய் நின்றார். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"மூணு மணிக்கு உக்காந்தா ஆறு மணிக்கு முடியுமாங்க?"

"முடியும் மது."

"சத்தியமா?"

"ரொம்ப எளிமையான ஆட்டம்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் சரி என்றாள்.

ஞாயிறு மூன்று மணி. மேசை மேல் பலகை விரிந்தது. எந்தத் தேசத்திலோ ஓடும் ஓர் ஆறு, தலைமாட்டில் ஓர் அணை, அதிலிருந்து இறங்கும் ஒரு வாய்க்கால், ஒன்றன் கீழ் ஒன்றாக நாலு வயல். நீலக்கட்டைகள்தான் தண்ணீர். யார் வயல் அதிகம் விளைகிறதோ அவருக்கு வெற்றி. முதல் வயல் இசக்கிராஜாவுக்கு விழுந்தது, அடுத்தது குமரகுருபரனுக்கு, மூன்றாவது ஞானையாவுக்கு, கடைமடை மதுமதிக்கு. இதைச் சொல்ல நமக்கு ஐந்து வரி ஆனது. குமரகுருபரனுக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. நடுவில் ஞானையாவுக்குத் தலை இரண்டு தடவை சாய்ந்து நிமிர்ந்தது.

எப்படியோ ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது சுற்றில் இசக்கிராஜா கைக்கு ஓர் அட்டை வந்தது. மடை அடைப்பு.

"போடுல! கீழே மூணு பேருக்கும் சொட்டுத் தண்ணி போகாது. எனக்கும் போகாது, பரவாயில்ல" என்று குமரகுருபரன் துள்ளினார்.

இசக்கிராஜா அட்டையைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான்.

"அது எப்படி அண்ணாச்சி? கடைமடையில மதினி நாத்து நட்டுட்டு நிக்காங்க. இப்பம் போயி அடைக்கச் சொல்லுதீங்க?"

"அதாம்ல ஆட்டமே!"

"எங்க ஊருல இப்படி அடைச்சா மம்பட்டியைத் தூக்கிட்டு வந்துருவாங்க. எனக்கு இந்த அட்டை வேண்டாம், திருப்பி வச்சிரட்டா?"

திருப்பி வைக்கலாமா? அட்டை எடுத்தவர் அதைப் போட்டே ஆகவேண்டுமா? குமரகுருபரன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பக்கம் பதினான்கு, இரண்டாம் பத்தி. அங்கே தெளிவாக எதுவும் இல்லை. மற்றவர்களுக்கு இது சங்கடம். அவருக்கோ முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ரெண்டு நிமிஷம். யாரும் எதையும் தொடாதீங்க" என்று உள்ளறைக் கணினிக்குப் போனார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பின்லாந்திலிருந்து ஒரு புண்ணியவான் இணையத்தில் இதே கேள்வியைக் கேட்டிருந்தான். அதற்கு எண்பத்து மூன்று பதில்கள். குமரகுருபரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பதினாறாவது பதிலை இருபதாவது மறுத்திருந்தது. இருபதாவதை ஒரு கனடாக்காரர் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். கூடத்தில் ஏதோ சத்தம். "எனக்கு எப்பம்வே முறை?" என்று ஞானையா கத்தினார். மதுமதி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பாவம், சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் முடித்துக்கொண்டு போகவேண்டும் என்று நினைத்தபடியே நாற்பத்தொன்றாவது பதிலுக்கு ஒரு மறுப்பும் எழுதிப் போட்டார்.

தீர்ப்பை நாலு தாளில் அச்செடுத்துக்கொண்டு அவர் கூடத்துக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால்.

பலகைக்கு நடுவில் அல்வாப் பொட்டலம் திறந்து கிடந்தது. மூன்று பேர் விரலும் நெய்யில் மின்னின. அட்டைகளும் மின்னின.

"வாங்க அண்ணாச்சி, முடிஞ்சிட்டு!" என்றான் இசக்கிராஜா. "மதினிதான் ஜெயிச்சாங்க. கடைமடையில இருந்துட்டு என்ன கணக்குப் போடுதாங்க தெரியுமா!"

"முடிஞ்சிட்டா? எப்படி?"

"அந்த அடைப்பு அட்டையை எல்லாம் பெட்டிக்குள்ள போட்டுட்டோம். முறை வச்சித் தண்ணி விட்டோம். வாய்க்கால் தூர்வார வராதவனுக்கு ஒரு கட்டை அபராதம். எனக்குத்தான் மூணு கட்டை போச்சு."

"நான் இல்லையேல?"

"நீங்க உள்ள போயிட்டீங்கல்லா, உங்க முறைக்கு நான் திறந்துவிட்டேன். ஆள் ஊருல இல்லைன்னா முறை போயிருமா என்ன? நீங்க ரெண்டாமிடம் அண்ணாச்சி."

குமரகுருபரன் தம் வயலைப் பார்த்தார். விளைச்சலைக் குறிக்கும் மஞ்சள் கட்டைகள் வரப்புவரை நிறைந்திருந்தன. எந்த ஆட்டத்திலும் அவர் இவ்வளவு விளைவித்ததில்லை.

"அடுத்த வாரம் என் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வாரேன்வே" என்று ஞானையா எழுந்தார். இசக்கிராஜா வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் ரெண்டரைக்கே வந்துருதேன்" என்றான்.

கையில் நாலு தாளும் அப்படியே இருந்தன. எத்தனை உழைப்பு! முதல் தாளை உயர்த்திப் பிடித்தார்.

"எல்லாம் சரிதான். ஆனா பக்கம் பதினாலுல..."

ஞானையா நின்றார். இசக்கிராஜாவின் மறுகால் செருப்புக்கு மேலேயே நின்றது. மதுமதி நெய்க்கையை அந்தரத்தில் பிடித்தபடி அவரையே பார்த்தாள்.

குமரகுருபரன் தாள்களைப் பார்த்தார். பொட்டலத்திலிருந்து நெய் பைய ஒழுகி ஆற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"பக்கம் பதினாலுல ஒண்ணுமில்ல" என்றார். நாலு தாளையும் இரண்டாக மடித்து, பொட்டலத்தைத் தூக்கி, அதற்கு அடியில் விரித்தார். பிறகு நின்றபடியே ஒரு துண்டு அல்வாவைக் கையால் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். நாற்பத்தெட்டாவது பெட்டி வந்துகொண்டிருக்கிறது. அவரை விடுங்கள், உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். நாலு பேர் ஆட்டத்தை மூன்று பேர் முடித்தார்கள் என்றதும், ஆளில்லாதவர் முறையை இன்னொருவர் ஆடினால் அந்த இரண்டாமிடம் செல்லுமா என்று ஒரு நொடி உங்களுக்கு உறுத்தியதா? இசக்கிராஜா அந்த அட்டையைத் திருப்பி வைத்திருக்கலாமா கூடாதா, எண்பத்து மூன்று பதில்களில் கடைசியில் என்னதான் தீர்ப்பு என்று தெரியாமல் இந்தப் பக்கத்தை மூட மனம் வரவில்லையா?

அது அல்வாவுக்கு அடியில் இருக்கிறது. கையைக் கழுவாமல் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.