பிழையே இல்லாத கடிதம்

நெருப்பையும் சக்கரத்தையும் மனிதகுலம் எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. ஆனால் 'மீளாய்வு' என்னும் மகத்தான கலை பூரணமடைய, கொட்டாஞ்சேனையில் ஹியூபேட் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2007இல் அவர் கொழும்பில் ஒரு மென்பொருள் கந்தோரின் தலைமை மீளாய்வாளர். அவருடைய 'அங்கீகரிக்கப்பட்டது' இல்லாமல் ஒரு வரி நிரலும் அங்கிருந்து வெளியே போகாது.

அந்தக் கிழமை அவர் மேசைக்கு வந்தது யூ.எஸ்.பி டிரான்ஸீவர் சிப் ஒன்றை இயக்குகிற டிரைவர் நிரல். கேபிள் வழியே தரவை அனுப்பி வாங்குகிற சிப் அது. எழுதியவர் வெள்ளவத்தை நமசிவாயம். ஹியூபேட் அந்தச் சிப்பைக் கண்ணால் கண்டதில்லை. கண்டால் நடுநிலை கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. முந்நூறு வரிக்கு நாற்பத்தேழு குறிப்புகள் எழுதினார், பெரும்பாலும் இடைவெளிகளைப் பற்றி.

"சேர், கேபிளைச் செருகினா நித்திரையில கிடக்கிற சிப் எழும்பவேணும். எழும்பிட்டுதோ எண்டு பாக்கிற வரியை வெட்டச் சொல்லியிருக்கிறியள்," என்றார் நமசிவாயம்.

"அது எழும்பும் எண்டு உம்மால உத்தரவாதம் தர ஏலுமோ?"

"சிலவேளை எழும்பாது. அதுக்குத்தானே பாக்கிறம்."

"உத்தரவாதம் இல்லாததை நாங்கள் எழுதுறதில்லை."

வரி வெட்டப்பட்டது. நிரல் அங்கீகரிக்கப்பட்டது. சிப் தொடர்ந்து நித்திரை கொண்டது.

வியாழக்கிழமை நமசிவாயம் வேலைக்கு வரவில்லை. விடியப்புறம் தமிழர் வீடுகளில் நடந்த சுற்றிவளைப்பில் பொலிஸ் அவரைக் கொண்டுபோயிருந்தது. பத்து மணிக்கு அவருடைய மனைவி நேசமலர் கந்தோருக்கு வந்தாள்.

"வேலை இடத்துக் கடிதம் குடுத்தா விடுவினமாம், சேர். இல்லாட்டி அஞ்சு மணிக்கு லொறியில ஏத்தித் தடுப்புமுகாமுக்கு அனுப்பிப்போடுவினம்."

லிகிதர் ஜெஸீமா ஐந்தே நிமிடத்தில் கடிதத்தைத் தட்டச்சு செய்தாள். நமசிவாயம் நான்கு வருடமாக இங்கே வேலை செய்கிறார், நல்லவர், அவரை நன்கு அறிவோம் என்று மூன்று வசனம். அவசரம் என்பதற்காகத் தன் கலைக்குத் துரோகம் செய்கிற மனிதரா ஹியூபேட்? சிவப்புப் பேனையை எடுத்தார்.

"'நல்லவர்' எண்டதுக்கு என்ன பரிசோதனை செய்தனாங்கள்?"

"நாலு வருஷமா நம்மளோடதானே இருக்கார், சேர்," என்றாள் ஜெஸீமா.

"கந்தோருக்குள்ள. வெளியில?"

வெட்டினார். 'நன்கு அறிவோம்' என்பதில் முதலில் 'நன்கு' போனது, மதியத்துக்குப் பிறகு 'அறிவோம்' போனது. 'வேலை செய்கிறார்' என்பதிலும் ஒரு நுட்பமான சிக்கல் இருந்தது. இன்றைக்கு அவர் வேலை செய்யவில்லையே. ஹியூபேட்டும் தமிழர்தான், கடிதத்தின் அடியில் தன் கையொப்பம் விழவேண்டிய இடத்தை இரண்டு தரம் பார்த்துக்கொண்டார். அதைப் பயம் என்பது அவதூறு. அதன் பெயர் தரக்கட்டுப்பாடு.

நாலரை மணிக்கு, நான்காவது திருத்தத்தில், கடிதம் அங்கீகரிக்கப்பட்டது. காலையிலிருந்து வாசல் வாங்கிலில் உட்கார்ந்திருந்த நேசமலரிடம் ஹியூபேட் தாமே கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாசித்தாள்.

'இக்கடிதம், கேட்டுக்கொண்டதற்கு இணங்க வழங்கப்படுகிறது.'

தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"வடிவாப் பாரும், தங்கச்சி," என்றார் ஹியூபேட், பெருமையை மறைக்க முடியாமல். "ஒரு பிழையும் இல்லை."

"ஓம், சேர்," என்றாள் நேசமலர். "ஆளும் இல்லை."