பேர் சொல்லாதவள்

"சும்மா பேரச் சொல்லேன்டி, கன்னியப்பன்னு! வாயில இன்னா கொழுக்கட்டையா கீது?"

பாஞ்சாலி இப்படிக் கேட்டதும் "இது அவருக்கு" என்று மட்டும் சொல்லித் தயிர்ச் செம்போடு நின்ற பக்கத்து வீட்டுச் செல்லாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அய்ய, நான் மாட்டேன்க்கா!" என்று சிரித்தபடி தன் வீட்டுக்குள் ஓடிப்போனாள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த ராணியம்மாள் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள். ஏனென்றால் கன்னியப்பன் அவளுடைய கணவன்.

உத்திரமேரூர்க்காரனான கன்னியப்பன் இளவட்டமாக இருந்தபோதே மலேயாவுக்குக் கப்பலேறியவன். ஈப்போவில் லாரி ஓட்டி, அங்கேயே பிறந்து வளர்ந்த ராணியம்மாளைக் கட்டிக்கொண்டான். "அன்னிக்கி வந்தவன்தான், இன்னும் ஊர் மண்ண மிதிக்கல" என்று சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சு தாங்காமல் ராணியம்மாள் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில்தான், எண்பத்தொன்றாம் வருஷத்துத் தைப்பொங்கலுக்கு இருவரும் வந்து அண்ணன் வீராசாமி வீட்டில் தங்கியிருந்தார்கள். பாஞ்சாலி அந்த வீட்டு அண்ணி.

ஒருத்தி ஒருவன் பேரைச் சொல்லக் கூசுகிறாள் என்றால் அவன் அவளுக்கு என்ன ஆக வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ள இந்தியாவில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ராணியம்மாளே புருஷன் பேரைச் சொன்னவள் இல்லை. ஈப்போ ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோதுகூட அவனுடைய அடையாள அட்டையைத்தான் எடுத்து நீட்டினாள்.

புறப்படும்போதே சிநேகிதி ஒருத்தி காதைக் கடித்திருந்தாள். "ஊர்ல ஒரு தாலியக் கட்டிட்டு இங்க வந்து இன்னொண்ணு கட்டினவங்க நெறைய பேரு. கண்ணத் தொறந்து வச்சுக்க, ராணி."

தொறந்துதான் வைத்திருந்தாள். வந்த அன்றைக்கே கன்னியப்பன் பஸ் ஸ்டாண்டு வரை போகாமல் ஏரிக்கரையிலேயே இறங்கிவிட்டான். "ஏரியப் பாத்துக்கினே நடக்கலாம் வா" என்றான். இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எவனாவது ஏரி பார்ப்பானா? வீட்டுக்குள் நுழைந்ததும் பாஞ்சாலி, "நீ டீதான குடிப்பே?" என்றாள். "இல்லக்கா, நான் காப்பி" என்றதும், "அப்ப டீ கேட்டது..." என்று ஆரம்பித்தாள். வீராசாமி பலமாக இருமினார். பாஞ்சாலி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

எல்லோரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்பது ராணியம்மாளுக்கு அப்போதே உறைத்தது. மறைத்த பொருள் தயிர்ச் செம்போடு வந்துபோனது இப்போதுதான் தெரிந்தது.

"செல்லாயி வீட்டுக்காரர் எங்கக்கா?" என்று மெல்ல விட்டுப் பார்த்தாள்.

"பம்புசெட்டு மெக்கானிக்கு. மதுராந்தகம் பக்கம் வேலையா போயிக்கீது. எப்ப வருமோ!"

கண்ணால் பார்க்காத புருஷன். பேர் சொல்லாத பெண்டாட்டி. பொறாமை அவளுக்கு நெஞ்சுவரை ஏறியது. நேராகக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் கேட்கக் கௌரவம் விடவில்லை. சோதித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தாள்.

மறுநாள் கன்னியப்பன் கிணற்றடியில் நின்றபோது, "செல்லாயி, அவர சாப்பிடக் கூப்பிடு லா" என்றாள் ஈப்போ பேச்சில்.

செல்லாயி பத்தடி தள்ளி நின்று கையைத் தட்டினாள். "இந்தாங்க! உங்களத்தான்! சாப்புட வருவீங்களாம்!"

இந்தாங்க! கல்யாணமான நாளிலிருந்து ராணியம்மாள் கூப்பிட்டுவரும் அதே 'இந்தாங்க!' தன் பெட்டியைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்து எவளோ கட்டிக்கொண்டதுபோல் அவளுக்கு எரிந்தது.

சாப்பிட உட்கார்ந்தால் அங்கேயும் செல்லாயி கொடுத்தனுப்பிய விரால் மீன் குழம்பு. கன்னியப்பன் விரலை நக்கினான். "ஆகா! இந்த ருசிக்குத்தான் நாக்கு ஏங்கிப் போச்சு!"

சும்மா இருப்பாளா? சாயங்காலமே முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படியைப் பிடித்தாள். மலேயாவிலிருந்து கொண்டுவந்த புளித்த இறால் விழுதுக் கட்டியை உடைத்து மிளகாய்ச் சம்பல் வதக்கினாள். ஈப்போவில் அந்த வாசனைக்கு எச்சில் ஊறும். உத்திரமேரூரில் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. எங்கிருந்தோ பூனைகள் வந்து வாசலில் வரிசை கட்டின. எதிர்வீட்டுப் பெருமாள் கையில் கோலோடு வந்து, "பெருச்சாளி எங்கியோ செத்துக் கெடக்குது. பரண்ல பாத்தீங்களா?" என்று கேட்டார்.

வீராசாமி சாப்பாடு வேண்டாமென்று சொல்லிவிட்டார். கடைசியில் எல்லோருடைய பசியையும் தீர்த்தது செல்லாயி வீட்டிலிருந்து வந்த இரண்டாவது சட்டி விரால் குழம்புதான். ராணியம்மாள் மட்டும் தன் சம்பலைத் தானே தின்றுவிட்டுக் கண் கலங்கினாள். காரம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இனி பெருமாளை விட்டால் கதியில்லை, அதாவது கோயிலில் இருக்கிற பெருமாளை. பட்டர் முன்னால் பொய் சொல்ல முடியாது அல்லவா? "செல்லாயி, வேலைக்குப் போன உன் வீட்டுக்காரர் நல்லபடியா திரும்பி வரணும்னு நானே அர்ச்சனை பண்ணித் தர்றேன், வா" என்றாள். அந்த அப்பாவிப் பெண் நெகிழ்ந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். பாஞ்சாலியும் கன்னியப்பனும் கூட வந்தார்கள். வழியில் ராணியம்மாள், "பஸ் ஸ்டாண்டுல பூ வாங்கிட்டுப் போலாம்" என்றதும் கன்னியப்பன் பதறினான்.

"அம்முலு கடையா? வாணாம். வாடின பூவ வித்துடுவா!"

சந்நிதியில் பட்டர் தட்டை வாங்கிக்கொண்டார். "ஆத்துக்காரர் பேர் சொல்லுங்கோம்மா."

செல்லாயி தலையைக் குனிந்துகொண்டு பாஞ்சாலியின் இடுப்பில் இடித்தாள். பாஞ்சாலி உரக்கச் சொன்னாள்: "கன்னியப்பன், சாமி!"

ராணியம்மாள் தேங்காய்த் தட்டைத் தட்டிவிட்டாள். தேங்காய் உருண்டு துவாரபாலகர் காலடியில் போய் நின்றது. புருஷனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள்.

"சாமி மேல சத்தியமா சொல்லுங்க! உங்களுக்கு இன்னொரு பொண்டாட்டி இருக்காளா இல்லையா?"

கன்னியப்பனின் முகம் வெளுத்துப்போயிற்று. தூணைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு... யாரு சொன்னாங்க உனக்கு?"

"யாரு சொல்லணும்? இதோ, கண் முன்னாடியே நிக்கிறாளே!" என்று செல்லாயியைக் காட்டினாள்.

"இவளா?" என்றான் கன்னியப்பன். "இந்தச் செல்லாயியா?" என்று மறுபடியும் கேட்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அப்படியொரு சிரிப்பு! பட்டர் கையமர்த்தியும் நிற்கவில்லை.

பாஞ்சாலி தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பைத்தியமே! இவ புருசன் பேரும் கன்னியப்பன்தான். இந்த ஊர்ல தெருவுக்கு ரெண்டு கன்னியப்பன் கீறான். கட்டினவன் பேர வச்சவன் எவனா இருந்தாலும் பேர் சொல்லிக் கூப்புட மாட்டா இவ!"

சாயங்காலம் கை நிறைய கிரீஸோடு அந்த மெக்கானிக் கன்னியப்பனே வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்கூட்டுக்காரிக்கு நான் ஒருத்தனே பேஜாரு, இன்னொண்ணு வேறயா?" என்றான். ராணியம்மாள் வெட்கத்தில் குன்றிப்போனாள். மலேயாவிலிருந்து கொண்டுவந்த நல்ல கைலியை அவனுக்குக் கொடுத்தாள். செல்லாயியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று முதல் அவளுக்குப் புருஷன் மீது ஆசை பொங்கி வழிந்தது. எப்பேர்ப்பட்ட மனுஷன்! வாரத்தில் பாதி நாள் பினாங்குக்கு லாரி ஓட்டி, ராத்திரி அங்கேயே தங்கிக் கஷ்டப்படுகிறவர். மூன்று வருஷத்துக்கு முன் கம்பெனி வேலையென்று ஒரு மாதம் சிங்கப்பூரில் கிடந்து இளைத்து வந்தவர். இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

ஊருக்குத் திரும்பும் நாளில் கன்னியப்பன், "ஏரிக்கரையிலியே பஸ் ஏறிக்கலாம்" என்றான்.

"முடியாது. பஸ் ஸ்டாண்டுல போய் உக்கார சீட்டு புடிச்சுத்தான் போகணும். நீங்க உங்க கையால எனக்குப் பூ வாங்கித் தரணும்" என்று கொஞ்சினாள் ராணியம்மாள்.

"அம்முலு பூவு..."

"வாடியிருந்தாலும் பரவால்ல!"

பெட்டியை அவன் தலையில் ஏற்றி, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். பூக்கடை முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

அம்முலு மல்லிகைச் சரத்தை முழம் போட்டபடி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"வாண்ணா! மூணு வருசம் முன்ன பினாங்குலேர்ந்து கூட்டிக்கினு வந்தியே, அந்த அண்ணிக்கி நாலு மொழமும் பத்தல. இந்த அண்ணிக்கி எத்தினி மொழம் குடுக்கட்டும்?"