எங்கள் தியேட்டரில் பேய் வராத காரணம்

மதிப்புக்குரிய சினிமாப் பத்திரிகை ஆசிரியர் ஐயாவுக்கு, உங்கள் ஊர்த் தியேட்டரில் டார்ச் அடித்து இருக்கை காட்டும் பெண் பயத்தோடும் மரியாதையோடும் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டாரும் பத்திரிகையும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம். தியேட்டரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

தரையில் பாப்கார்ன் இல்லை. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். படம் முடிந்ததும் பெருக்குவதும் என் வேலை. பேய்ப் படம் என்றால் ஆட்கள் துள்ளிக் குதித்துப் பொட்டலத்தைக் கவிழ்ப்பார்கள், எனக்கு இடுப்பு ஒடியும். இந்த அலமாரிப் படத்துக்கு மட்டும் ஒன்றுகூடச் சிந்தவில்லை. முதல் பாதியில் ஒரு குடும்பமே பூட்டிய அலமாரியை முறைத்துப் பார்க்கிறது, கதவு கிறீச்சிடும்போது இடைவேளை. வந்து உட்கார்ந்தால் அதே குடும்பம் அழுதுகொண்டே வீட்டைக் காலி செய்கிறது. அலமாரி கரிக்கட்டையாகக் கிடக்கிறது. பேயும் இல்லை, அந்தக் குடும்பத்து மூத்த அண்ணனும் இல்லை.

வெளியே வருகிறவர்களை வாசலில் நின்று பார்ப்பேன். நான் யாரிடமும் பேசமாட்டேன், அதனால் எல்லோரும் என்னைக் கதவு என்று நினைத்துக்கொண்டு என் முன்னாலேயே பேசுவார்கள். வெளிச்சத்துக்கு வந்ததும் முதலில் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் படம் பிடித்ததா இல்லையா என்று முடிவு செய்கிறார்கள். ஒரு பல் டாக்டர், "அடடா, என்ன ஒரு ஆழம்!" என்றார். அவர் மனைவி, "ஆழமா? நீங்க விட்ட குறட்டைலதான் முன் சீட்டுக் குழந்தை பயந்து அழுதுச்சு" என்றார். கடைவீதித் தையல்காரர் படத்தைத் திட்டுவதற்காகவே நான்கு தடவை வந்தார். "எதுக்குண்ணே மறுபடியும்?" என்று டிக்கெட் கிழிப்பவர் கேட்டதற்கு, "நல்லா இருக்குன்னு ஒருத்தன் சொல்றான்யா, அவனை விட்டுட முடியுமா?" என்றார். படத்தின் மேல் யாருக்கும் கோபம் இல்லை ஐயா. அது பிடித்தவன் மேல்தான் பிடிக்காதவனுக்குக் கோபம், பிடிக்காதவன் மேல்தான் பிடித்தவனுக்குக் கோபம்.

அப்போதுதான் உங்கள் விமர்சகர் எங்கள் தியேட்டரில் பார்த்துவிட்டு மூன்று பக்கம் எழுதினார். பேயைக் காட்டாத துணிச்சலைப் புகழ்ந்தார். அண்ணன் சொல்லாமல் மறைவது இன்றைய மனிதன் தன்னைத் தொலைத்துவிட்டதன் குறியீடு என்றார். கடைசியில், 'பேய் எங்கே என்று புலம்புகிறவர்கள் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர்கள்' என்று முடித்திருந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மா படுத்த படுக்கையானதால் நின்றேன், பேய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அண்ணன் எங்கே போனான் என்ற கேள்வி எனக்கும் இருந்தது.

அந்தக் கேள்வியோடுதான் டீயை எடுத்துக்கொண்டு ஆபரேட்டர் ரூமுக்கு ஏறினேன். ஆபரேட்டர் என் தாய்மாமா. எங்கள் மெஷின் பழசு, நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் ஓடும். அதனால் இடைவேளைக்குப் பிறகு எந்த நிமிடத்திலிருந்து தொடங்குவது என்பதை மாமா ஒரு சிலேட்டில் எழுதி வைத்து, அந்த எண்ணைத் தட்டுவார். படம் மாறினால் சிலேட்டையும் மாற்ற வேண்டும். சிலேட்டில் தொண்ணூற்றொன்று என்று இருந்தது. கம்பெனிக்காரர்கள் அனுப்பிய தாளில் எழுபத்து மூன்று என்று இருந்தது. தொண்ணூற்றொன்று போன மாதக் காதல் படத்தின் எண். பதினெட்டு நிமிடம் ஐயா. அலமாரி திறப்பது, பேய் வருவது, தன்னைக் கொன்றவன் அண்ணன்தான் என்று சொல்வது, அவனை உள்ளே இழுத்துப்போட்டுக் கொளுத்துவது எல்லாம் அந்தப் பதினெட்டு நிமிடத்தில் இருக்கிறது. மாமாவுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் மாமாவுக்குப் பேய் என்றால் பயம். திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். இடைவேளை என்று எழுத்து வந்ததும் நான் கீழே ஸ்விட்சைத் தட்டினால் மேலே சிவப்பு விளக்கு எரியும், அதைப் பார்த்து நிறுத்துவார்.

நான் சொன்னதும் மாமா டீயைக் கீழே வைத்துவிட்டார். "அம்மாடி, வாயத் திறந்துடாதே. சண்டை ஓடுற வரைக்கும்தான் கூட்டம்னு மேனேஜர் குஷியா இருக்கார். இப்பப் பேய் வந்துச்சுன்னா என் வேலை போயிடும்" என்றார். மாமா வேலைதான் எங்கள் வீட்டு அடுப்பு. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து எனக்குப் பழக்கமும் இல்லை.

ஆனால் போன வாரம் வெளியூர் வாசகர் ஒருவர், தன் ஊரில் அலமாரியிலிருந்து பேய் வந்ததாக உங்களுக்கு எழுதியிருந்தார். அதற்கு விமர்சகர், 'அந்தப் பேய் உங்கள் மனதிலிருந்து வந்தது, அதுவே இயக்குநரின் வெற்றி' என்று பதில் போட்டார். பாவம், அந்த மனிதர் இப்போது எந்த டாக்டரிடம் போயிருக்கிறாரோ. இதோடு விடாமல், ஞாயிறு காலைக் காட்சிக்குப் படத்தைப் புகழ்கிறவர்கள், திட்டுகிறவர்கள் என்று இரண்டு கட்சிக்காரர்களையும் எங்கள் தியேட்டருக்கு அழைத்து, மேடை போட்டு விவாதம் என்று அறிவித்துவிட்டீர்கள். தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள். எட்டாம் வகுப்பைப் பற்றிய அந்த வரிக்கு மட்டும் ஒரு வருத்தம் தெரிவியுங்கள், எனக்கு அது போதும். சிலேட்டு விஷயம் உங்களோடு இருக்கட்டும். இந்தக் கடிதத்தை அச்சில் போட வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். விமர்சகருக்கு என் வணக்கம். உங்கள் குடும்பத்தில் அண்ணன்மார் இருந்தால் அவர்கள் தொலையாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
டார்ச் பெண்

பின்குறிப்பு: மேலே கேட்டுக்கொண்டதை எல்லாம் விட்டுவிடுங்கள். தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு வரியை நான் திரும்பத் திரும்பப் படிப்பதை மாமா பார்த்துவிட்டார். "உன்னையா சொல்றான்?" என்று கேட்டார். நேரே மேலே போய், இடைவேளை முடிந்ததும் எழுபத்து மூன்றைத் தட்டினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்து, அலமாரி திறந்ததும் எழுந்து ஓடிய நீங்கள் திரும்பி வரவே இல்லை, அதனால் மீதியைச் சொல்கிறேன். பேய் வந்தது. தையல்காரர், "இதான்யா படம்!" என்று நாற்காலி மேல் ஏறிக் கை தட்டினார். இத்தனை நாள் புகழ்ந்தவர்கள், "சீ, கெடுத்துட்டாங்க" என்று கத்தினார்கள், அதைப் பார்த்து அவர் இன்னும் பலமாகத் தட்டினார். படம் முடிந்ததும் விமர்சகர் மேடையில் மைக்கைப் பிடித்து, "இது அந்தப் படமே இல்ல. யாரோ பேயைக் கொண்டுவந்து ஒட்டியிருக்காங்க. ஆபரேட்டரைக் கூப்பிடுங்க!" என்றார். மேனேஜர் மாமாவைக் கீழே வரவழைத்து எல்லார் முன்னாலும், "நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றார். மூன்று வாரம் தப்பாக ஓட்டிப் பாராட்டு வாங்கிக் கொடுத்தவர், ஒரு நாள் சரியாக ஓட்டியதற்குத் தலை குனிந்து நின்றார். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். நான் மேடைக்கு ஏறி, விமர்சகர் கையிலிருந்த மைக்கை வாங்கி, இந்தக் கடிதத்தை 'மதிப்புக்குரிய' என்ற முதல் சொல்லிலிருந்து சத்தமாகப் படித்தேன்.