அட்ரினலினும் அண்டாவும்

நான் போட்ட ஊசிகளுக்குக் கணக்கு கிடையாது. மலேரியாவுக்கு, பிரசவத்துக்கு, நாய்க்கடிக்கு, வீம்புக்கு (ஆமாம், ஊசி போட்டால்தான் எழுந்து போவேன் என்று உட்கார்ந்துகொள்பவர்களுக்கு) என்று சித்தூர் ஜில்லாவில் பாதிப் பேர் என் கையால் குத்து வாங்கியவர்கள். அவர்களில் ஒருவருக்கும் என் முகம் நினைவில்லை. ஆனால் பயிற்சி நர்ஸாக இருந்தபோது ஆஸ்பத்திரிக்கு வெளியே நான் போட்ட முதல் ஊசியை மட்டும் இரண்டு மாநிலத்துக்காரர்கள் இன்னும் மறக்க மாட்டேன் என்கிறார்கள்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லைத் தகராறெல்லாம் ஓய்ந்து, திருத்தணிப் பக்கம் சென்னை மாநிலத்துக்கு, சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவுக்கு என்று கோடு கிழித்து முடித்த சமயம் அது. மேப்பை விரித்துக் கோடு கிழித்தவர்களுக்கு நகரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவ சபை இருப்பது தெரிய நியாயமில்லை. கோடு நேராக அதன் நடுவில் ஓடியது. கோயில் ஆந்திராவில், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிற குடும்பங்களில் பாதி சென்னை மாநிலத்தில். அந்தப் பாதிக்காரர்கள் தங்கள் பக்கத்திலேயே ஒரு கோயில் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் சண்டை இல்லை. கோயிலின் பெரிய பித்தளை அண்டாவும் எங்களுக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டபோதுதான் சண்டை வந்தது.

அந்த அண்டா சாதாரண அண்டா இல்லை. சபை முழுவதற்கும் ஒரே தடவையில் சோறு வடிக்கிற அண்டா. "ஸ்டேட்டே பிரிஞ்சி பூடுச்சி, அண்டா பிரியக் கூடாதா?" என்று கேட்டார் அந்தப் பக்கத்துப் பெரியவர் ஆசீர்வாதம். "ஜனம் போவட்டும், அண்டா போவாது" என்றார் இந்தப் பக்கத்துப் பெரியவர் வேதமாணிக்கம் வாத்தியார். வாய்ச்சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே அண்டா ஒருநாள் காணாமல் போனது. எல்லை தாண்டிக் கடத்திவிட்டார்கள் என்று இவர்களும், விற்றுத் தின்றுவிட்டார்கள் என்று அவர்களும் ஏசிக்கொண்டார்கள். இதில் பாவப்பட்டவர் வாத்தியாரின் மனைவி ரத்தினம்மா. ஆசீர்வாதம் அவருக்குக் கூடப்பிறந்த அண்ணன். அண்டா போன நாளிலிருந்து அண்ணன் தங்கைக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த நிலையில்தான் அறுப்பின் பண்டிகை வந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து கொண்டாடுகிற கடைசிப் பண்டிகை. காணிக்கையாக வந்த நெற்கதிர், பூசணி, கோழி, முட்டை எல்லாவற்றையும் பண்டிகையன்று ஏலம் விடுவார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து, கேட்பவர்களைச் சிரிக்க வைத்தே விலையை ஏற்றுகிற வித்தை வாத்தியார் ஒருவருக்குத்தான் கைவந்தது. அவர் ஏலம் விட்டால் இருப்போம், இல்லாவிட்டால் எங்கள் காணிக்கையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவோம் என்று அந்தப் பக்கத்தார் முன்பே சொல்லியிருந்தார்கள். அண்டா விஷயத்தில் அவரை வெறுத்தாலும் அவர் குரலை அவர்களால் வெறுக்க முடியவில்லை.

நான் சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தேன். பண்டிகைக் கூட்டத்துக்கு முதலுதவி செய்ய டாக்டரம்மா வேனில் புறப்பட்டபோது என்னையும் கூட்டிக்கொண்டார். அதற்கு முந்தின வாரம்தான் அவர் எங்களுக்கு அட்ரினலின் பாடம் எடுத்திருந்தார். எனக்கு அந்த மருந்தின் மேல் காதலே வந்துவிட்டது. மூச்சுக்குழாய்களைச் சுற்றித் தசை இருக்கிறது. ஆஸ்துமாக்காரருக்கு அது சுருக்குப் பையின் கயிற்றை இழுத்ததுபோல இறுகிக்கொள்கிறது. காற்று எப்படியோ உள்ளே போய்விடுகிறது, வெளியே வருவதற்குத்தான் படாத பாடு. அட்ரினலின் போய் அந்தக் கயிற்றைத் தளர்த்துகிறது. ஆனால் அது போகிற வழியில் சும்மா போகாது. இதயத்தையும் தட்டி எழுப்பிவிட்டுப் போகும். முகம் வெளுக்கும், விரல் நடுங்கும், நெஞ்சு படபடக்கும், காரணமே இல்லாமல் ஒரு மரண பயம் வரும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானே அடங்கிவிடும்.

அதனால் நர்ஸுக்கு வேலை அதிகம். மருந்தின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி ரத்தக்குழாயில் இறங்கிவிடவில்லையே என்று பார்க்க வேண்டும். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, தனியே விடாமல், நாடியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் படபடப்பெல்லாம் வரும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். எல்லாவற்றையும் நான் தலைகீழாக ஒப்பிப்பேன்.

நாங்கள் போய் இறங்கியபோது வாத்தியார் கோயிலுக்குப் பின்னால் ஒரு பெஞ்சில், முழங்கால்களில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. நெஞ்சுக்குள் விசில் சத்தம். சட்டையில் அங்கங்கே வைக்கோல் துணுக்கு. (அறுப்பின் பண்டிகையில் யார் மேல்தான் வைக்கோல் இல்லை?)

"வைக்கோல் தூசு பக்கம் போனீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லீங்களே..." என்று வாத்தியார் ஆகாயத்தைப் பார்த்தார்.

டாக்டரம்மா அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, அட்ரினலின் போடச் சொன்னார். கொதிக்க வைத்து ஆறிய சிரிஞ்சில் மருந்தை எடுத்து, டாக்டரம்மா கண்ணெதிரிலேயே, தோலுக்கு அடியில் மெதுவாகப் போட்டேன். அழகாகவே போட்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துச் சேரியில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து விட்டதென்று ஆள் ஓடி வந்தது. "நாடியில இருந்து விரலை எடுக்காதே. ஒரு நிமிஷம் முழுசா எண்ணு. அவர்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிடு" என்று உத்தரவு போட்டுவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

நான் சொன்னேன். சுருக்குப் பையைப் பற்றிச் சொன்னேன். கயிறு எப்படித் தளரும் என்று கையால் நடித்துக் காட்டினேன். இப்படி ஒரு மருந்து நம் காலத்தில் கிடைத்தது எவ்வளவு பெரிய புண்ணியம் என்று பிரசங்கமே செய்தேன். மருந்தின் பெருமையை நான் பேசி முடிப்பதற்குள் மருந்து வேலையைத் தொடங்கிவிட்டது. விசில் சத்தம் மெல்ல அடங்கியது. மனிதர் ஒரு முழு மூச்சை இழுத்து, ஒரு முழு மூச்சை விட்டார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெருமிதத்தில் படபடப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை.

"ஏலத்துக்கு நேரமாச்சி" என்று வாத்தியார் எழுந்துவிட்டார்.

"ஐயா, உட்காரணும். நான் நாடி புடிச்சிக்கினு இருக்கேன்."

"நீ பாட்டுக்குப் புடிச்சிக்கினே வாம்மா."

நானும் பிடித்துக்கொண்டே போனேன். இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்ட மேடை. அதன் மேல் அவர், அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்தபடி நான். அவர் விலை கேட்டுக் கையைத் தூக்கும்போதெல்லாம் என் கையும் கூடவே ஆகாயத்துக்குப் போனது. கல்யாணமாகாத ஒரு பெண், ஊரே பார்க்க, ஒரு வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிக் குதிக்கிற காட்சியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். பெண்கள் பக்கத்தில் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. ரத்தினம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினார்.

"ஏம்மா பொண்ணே, எங்க வூட்டுக்காரர் கையை எதுக்குப் புடிச்சிக்கினு இருக்க?"

"நாடி பாக்கறேங்க அக்கா. டாக்டரம்மா விடக் கூடாதுன்னு சொன்னாங்க."

"அந்தக் கையிலயும் நாடி இருக்குதில்ல? அதை நான் பாத்துக்கறேன்" என்று அவர் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஏலம் தொடர்ந்தது. இப்போது மேடையில் மூன்று பேர்.

முட்டை ஏலத்துக்கு வந்தபோது மருந்தின் மறுபக்கம் ஆரம்பித்தது. வாத்தியார் தூக்கிக் காட்டிய முட்டை அவர் விரலுக்குள் தடதடவென்று ஆடியது. முகம் வெளுத்துப் போயிற்று. என் பக்கம் குனிந்து, "நர்ஸம்மா, நெஞ்சு இன்னாம்மா இப்படி அடிச்சிக்கினு ஓடுது? நான் பொழைப்பேனா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும் என்பது உத்தரவு. கொஞ்சம் பொறுங்கள் என்ற அர்த்தத்தில் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். அவர் அதைப் பிழைக்க மாட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டார். தலை குனிந்து, உதடு மட்டும் அசைய நான் நின்றிருந்ததைப் பார்த்து, அவருடைய ஆத்துமாவுக்காக ஜெபிக்கிறேன் என்றே முடிவு செய்துவிட்டாராம்.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே மேடையை விட்டு இறங்கிப் படுத்திருப்பார்கள். அவர் இறங்கவில்லை. சாவதற்குள் ஒரு பூசணிக்காயைக்கூட மிச்சம் வைக்கக் கூடாது என்று தீர்மானித்து வேகத்தைக் கூட்டினார். தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ரெண்டோசாரி, மறுபடி தமிழில் மூணு தரம் என்று கோழியும் வாழைத்தாரும் பறந்தன. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ஏலத்தை நான் பார்த்ததில்லை. கடைசிப் பொருளும் போனதும், இரண்டு பெண்கள் தொங்குகிற இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார்.

"சபையாரே, நான் போறேன். போறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிடறேன். மச்சான் ஆசீர்வாதம்! அண்டாவை யாரும் திருடல. நாந்தான் எங்க வைக்கோல் போருக்கு அடியில ஒளிச்சி வெச்சிக்கினு, தெனம் போயித் தொட்டுப் பாத்துட்டு வரேன். அண்டா இனிமே உங்களுது. ஒரு தரம்!" மூச்சு வாங்கினார். "ரெண்டு தரம்!" அழுதார். "மூடோசாரி! என்னை மன்னிச்சிடு மச்சான்."

"வைக்கோல் போரா? தெனம் நான்தான அதுல மாட்டுக்குப் புடுங்கறேன்!" என்ற ரத்தினம்மாவின் குரல்தான் முதலில் எழுந்தது. அடுத்த நொடி அவரும் ஓவென்று அழ ஆரம்பித்தார். ஆசீர்வாதம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மேடையேறி வாத்தியாரைக் கட்டிக்கொண்டார். "அண்டா கெடக்குது மாப்ள, நீ போவாத" என்று தேம்பினார். தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்தார். சபையே அழுதது. அவர் கையைத் தூக்கும்போதெல்லாம் தப்பிய எண்ணிக்கையை மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்கிய நான் மட்டும், அப்போதுதான் ஒரு நிமிஷத்தை முழுசாக முடித்து, "நாடி வேகம்தான், ஆனா ஒழுங்கா ஓடுது" என்று பெருமையாக அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை.

பிரசவத்தை முடித்துவிட்டு வந்த டாக்டரம்மா, ஊரே அழுவதைப் பார்த்துப் பதறி ஓடி வந்தார். நோயாளி நின்றுகொண்டே அழுவதைக் கண்டதும் அவருக்கு மூச்சு வந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்து, நெஞ்சைப் பார்த்து, "இதெல்லாம் மருந்தோட வேலைங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அடங்கிடும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, நீ இவர்கிட்ட சொல்லலையா?" என்றார்.

மொத்தச் சபையும் என் பக்கம் திரும்பியது. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. (விழுங்கியிருந்தால் நான் எந்த மாநிலத்தில் சேர்த்தி என்று அதற்கும் ஒரு தகராறு வந்திருக்கும்.)

"அப்போ நான் சாவலையா?" என்றார் வாத்தியார்.

"இன்னிக்கு இல்ல" என்றார் டாக்டரம்மா.

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாக, "மச்சான், அந்த அண்டா விஷயம்..." என்று இழுத்தார்.

"மூணு தரம் சொல்லியாச்சி மாப்ள. ஏலம் முடிஞ்சி பூடுச்சி" என்றார் ஆசீர்வாதம். அழுதுகொண்டிருந்த கூட்டம் அப்படியே சிரிப்பில் உடைந்தது. வாத்தியாரும் சிரித்தார்.

அந்த மனிதரை நான் வியக்காத நாள் இல்லை. ஊசி வேகத்தில் ஏதோ உளறிவிட்டேன் என்று அவர் தப்பித்திருக்கலாம். பழியை ஏற்க நான்தான் பக்கத்திலேயே நின்றிருந்தேனே! அவர் என்னை ஒரு வார்த்தை கடியவில்லை. மறுநாள், டாக்டரம்மா சொன்னபடி மூக்கை மூடித் துண்டு கட்டிக்கொண்டு நின்று, அண்டாவை வெளியே எடுக்க வைத்து, மச்சான் வீட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினாராம். ஆசீர்வாதமும் சளைத்தவர் இல்லை. அடுத்த பண்டிகைக்கு அண்டாவை இந்தப் பக்கம் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து அது இரண்டு மாநிலத்திலும் குடியிருக்கிறது.

எனக்குக் கிடைத்த தண்டனை வேறு மாதிரி. பயிற்சி முடிந்ததும் ரத்தினம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "எம் புருஷன் கையை ஊர் பாக்கப் புடிச்ச பொண்ணை வேற வூட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரல" என்று சொல்லி, அண்ணன் மகனுக்கு என்னைக் கேட்டார். என் கல்யாணச் சோறு அந்த அண்டாவில்தான் வெந்தது. வாத்தியார் எனக்கு மாமாவானார், ரத்தினம்மா அத்தையானார்.

அதற்குப் பிறகு அட்ரினலின் ஊசியைக் கையில் எடுக்குமுன் எத்தனை அவசரமானாலும் நான் சொல்லிவிடுவேன். "கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பயமா இருக்கும். அது மருந்துங்க, சாவு இல்ல." நோயாளிகள் சிலர் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன்.

பல வருஷம் கழித்து, மாமா நிஜமாகவே படுக்கையில் விழுந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மணிக்கட்டில் விரல் வைத்திருந்தேன். நாடி நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்து, "நர்ஸம்மா, இது ஊசியா, நெசமா?" என்று கேட்டார்.

இந்த முறை நான் எண்ணவில்லை. "ஊசிதான் மாமா. கொஞ்ச நேரத்துல அடங்கிடும்" என்றேன்.

அத்தை அவருடைய மற்ற கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிய, "எதுக்கும் கேட்டு வெச்சிக்கறேன்," என்றார். "வைக்கோலுக்கு அடியில வேற இன்னா வெச்சிருக்கீங்க?"

மாமா சிரித்தார். மூச்சு இழுக்க இழுக்கச் சிரித்தார். அந்த முகத்தோடுதான் அவரை அனுப்பி வைத்தோம்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறைத்துக்கொண்டு முழித்தால், அது பேரனின் பரீட்சை மார்க்காக இருந்தாலும் சரி, என் கணவர் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்ற மைசூர்பாகாக இருந்தாலும் சரி, யாரும் அதட்டுவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வைக்கோலுக்கு அடியில இன்னா இருக்குது?" என்று கேட்கிறோம்.