கண்மணி அக்கா பாட்டில் புகுந்த ‘ஙொய்’

புக்கிட் பாஞ்சாங்,
செவ்வாய்க்கிழமை

பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் அன்புள்ள கண்மணி அக்காவுக்கு, தம்பி தனசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் சுதாவும் நலம். உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது? ஐஸ் தண்ணீர் குடிக்காதீர்கள்.

வரப்போகும் தொண்டை ஆப்பரேஷனுக்குப் பிறகு குரல் எப்படி ஆகுமோ என்று, பெர்த்தில் இருக்கும் உங்கள் மகள் வர்ஷாவுக்காகப் போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து பாடிக்கொடுத்தீர்கள் அல்லவா? எல்லாம் அந்தக் காலத்துப் பொங்கல் கலைநிகழ்ச்சிப் பாட்டுகள். கண்ணை மூடினேன், நிகழ்ச்சி முடிந்து, தலையில் மல்லிகைப்பூவோடு நீங்கள் முன்னே நடக்க, சிராங்கூன் ரோட்டில் தே தாரிக் குடிக்கப் போவது போலவே இருந்தது. ஆனால் ரெக்கார்டரைப் போட்டுக் கேட்டால், பாட்டுக்கு அடியில் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம்.

ஃப்ரிட்ஜ்தான் என்று அதை அணைத்தேன், சத்தம் போகவில்லை, திரும்பப் போட மறந்ததில் சுதாவின் இறால்தான் போயிற்று, அடுத்து ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மைமூன் கதவைத் தட்டி ரைஸ் குக்கரை அணைக்கச் சொன்னேன், “உங்க பாட்டுக்கு நான் சோறு பொங்கக் கூடாதா லா?” என்றார், ஜாலான் புசாரில் சேக் தாவூது கடையில் புது மைக் வாங்கி மாட்டினேன், சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது! கடைசியில் மெயின் சுவிட்சையே இறக்கினேன். வீடே அமைதி. குளியலறையிலிருந்து மட்டும், “ஏங்க! தண்ணி ஜில்லுன்னு வருது!” என்று சுதாவின் குரல். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் குற்றவாளி அகப்பட்டது: ரெக்கார்டரில் செருகியிருந்த மலிவு சார்ஜர். பேட்டரியில் ஓடவிட்டால் சத்தமே இல்லை. சார்ஜரைக் குப்பையில் போட்டுவிட்டேன். சனிக்கிழமை வந்து இன்னொரு முறை பாடுங்கள் அக்கா. இந்த முறை சுத்தமாக இருக்கும்.

வீரமாகாளியம்மன் கோவிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை சொல்லியிருக்கிறேன். அம்மன் உங்கள் தொண்டையைப் பார்த்துக்கொள்வாள்.

அன்புத் தம்பி,
தனசேகரன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் சுதாவுக்குப் பழைய பதிவைப் போட்டுக் காட்டினேன். “மெல்லிசா கேக்குறது சார்ஜர், சரி. அந்தத் தடிச்ச சத்தம்? சார்ஜர் வரிக்கு வரி மூச்சு விடுமா? அது நீங்க! அண்ணி பாடப் பாட கூடவே முனகுறீங்க” என்றாள். அதோடு, “அன்னைக்கே வர்ஷாவுக்கு அனுப்பிட்டேன். ‘மாமா குரலும் இருக்கு அத்தை, எதையும் அழிச்சிடாதீங்க’ன்னு அழுதுட்டா” என்றும் சொன்னாள். ஆகவே நீங்கள் மறுபடி பாட வேண்டாம். சனிக்கிழமை சும்மா வாருங்கள். நான் முனகுகிறேன், நீங்கள் கேளுங்கள்.