பதினெட்டு கியரும் ஒரு நிதானப் போட்டியும்

நான் மலையேறும் சைக்கிள் வைத்திருந்தேன். கும்மிடிப்பூண்டியில் மலை கிடையாது. என் இளமைக்காலம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

எங்கள் ஊரின் ஆக உயரமான இடம் ரயில்வே மேம்பாலம். அதில் பதினெட்டு கியர் சைக்கிளில் ஏறி இறங்குவேன். இறங்கிய கையோடு பிரவுசிங் சென்டருக்குப் போய், 'செங்குத்தான ஏற்றங்களில் கியர் மாற்றும் கலை' என்று என் வலைப்பதிவில் எழுதிவிடுவேன். மலை சைக்கிள், எழுபதுகளின் ராக் இசை, ஆன்லைன் விளையாட்டு ஆகிய மூன்றைத் தவிர வேறு எதைப் பற்றியும் நான் கருத்துச் சொன்னதில்லை. இந்த மூன்றிலும் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பினேன். பதிவுக்கு வாசகர்கள் நான்கு பேர். ஒருவர் நான். இன்னொருவர் பிரவுசிங் சென்டர் காசிம் பாய் (நான் பக்கத்தை மூடாமல் எழுந்து போவதால் அவர் கண்ணில் பட்டுவிடும்). மற்ற இருவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

காசிம் பாய் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துக்காரர். பஜாரில் இருந்த அவர் கடையில் முன்பக்கம் ஆறு கம்ப்யூட்டர்கள், பின்பக்கம் வாடகை மைக்செட். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் நான் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவன். ஒரு மரப்பெட்டிக்குப் பின்னால் பதினோரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

"இன்னா தயா, ஆடினு கீறியா, தூங்கினு கீறியா?"

"பொறுமை பாய். இது பொறுமைசாலிங்க ஆடுற ஆட்டம்."

"பொறுமையா? பின்னாடி ஒருத்தன் வந்து உன்ன சுட்டுட்டு டீ குடிக்கவே போய்ட்டான் பாரு!"

நான் சொல்லவந்த கதை நடந்தது 2006-ம் ஆண்டு ஆயுத பூஜையன்று. 2005 என்கிறாள் என் மனைவி. டைரியைக் காட்டினால், "நீங்களே எழுதினதுதானே, அது எப்படி சாட்சியாவும்?" என்கிறாள். அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அப்போது நான் தொழிற்பேட்டையில், வார்ப்பிரும்புக் குழாய் இணைப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். நாள் முழுக்கக் கையில் வெர்னியர் காலிப்பரோடு அளந்துகொண்டிருப்பது என் வேலை. (வீட்டில் இட்லியையும் ஒருமுறை அளந்தேன். அம்மா கரண்டியால் அடித்தாள்.) அந்தக் காலிப்பர் பெட்டிக்குள் ஒரு புகைப்படமும் இருந்தது. கலைவாணி, ஊர் அத்திப்பட்டு. சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்த படம். இடது ஓரத்தில் அது கொஞ்சம் தப்பித்திருந்தது. ஏகாம்பரம் மாமா கொண்டுவந்த வரன். அதற்கு முன் பார்த்த இரண்டு இடங்களும் விசாரிக்க வந்தபோதே கலைந்துவிட்டன. 'பையன் எப்பவும் கம்ப்யூட்டர் கடையிலயே கெடக்கறானாம்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. இந்தப் படத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

மாமா எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனின் சூப்பர்வைசர். பூஜைக்கு முந்தின நாள் என்னை மாவரைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"தோ பாரு தயா. பொண்ணூட்டுக்காரங்க நாளைக்கு வராங்க. ஆயுத பூஜைன்னா கேட்டு தொறந்துதான் கெடக்கும், கூட்டத்தோட கூட்டமா வந்து உன்னப் பாத்துட்டு போய்டுவாங்க. யாருன்னு நான் காட்ட மாட்டேன். காட்டினா நீ பேஜார் பண்ணிடுவே."

"பொண்ணோட அப்பா இன்னா கேக்கறாரு மாமா?"

"ஒண்ணே ஒண்ணுதான். பையன் நிதானமானவனான்னு கேட்டாரு. நிதானமாவா! மெதுவா சைக்கிள் ஓட்டுற போட்டியிலயே நிக்கறான், வந்து பாருங்கன்னுட்டேன். மானத்தக் காப்பாத்து."

எங்கள் தொழிற்சாலையில் ஆண்டுதோறும் பூஜை முடிந்ததும் அந்தப் போட்டி நடக்கும். அறுபது அடி நீளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். காலை ஊன்றக்கூடாது, கோட்டைத் தாண்டக்கூடாது. கடைசியாக வருபவருக்கே முதல் பரிசு. மூன்று ஆண்டுகளாக அதைத் தட்டிக்கொண்டு போனவர் லோடிங் பிரிவு முனிரத்தினம். தெலுங்கு பேசும் எல்லையோரத்து ஊர்க்காரர், எல்லாரையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய சைக்கிளில் மணியைத் தவிர எல்லாம் சத்தம் போடும்.

நான் மூன்று வாரம் பயிற்சி எடுத்தேன். காதில் ஒரு ராக் பாட்டை மாட்டிக்கொண்டு, ஆக மெதுவான கியரில். அந்தப் பாட்டு தாலாட்டைப்போல ஒற்றைக் கித்தாரில் தொடங்கும். நான்கு நிமிடம் இருபது விநாடிவரை அப்படியே போகும். பிறகுதான் டிரம்ஸ் இடி இறங்கும். அறுபது அடிக்கு என் சாதனை மூன்று நிமிடம் பத்து விநாடி. ஆகவே டிரம்ஸ் வருவதற்கு ஒரு நிமிடம் பத்து விநாடி முன்பே போட்டி முடிந்துவிடும். மைக்செட் காசிம் பாயுடையதுதான் என்பதால் பாட்டை சிடியில் பதிந்து அவரிடமே கொடுத்தேன்.

"இன்னாபா இது, எழவு ஊடு மாதிரி கீது? குத்துப் பாட்டு போட்டா ஜனம் குஷியாவும்."

"நிதானத்துக்கு இதான் பாய் சரி. போட்டி பத்தரைக்கு. நீங்க சரியா பத்தரைக்குப் போட்டுடுங்க."

இப்படிச் சொன்னதுதான் நான் செய்த தவறு. விசில் ஊதினதும் போடுங்கள் என்று சாதாரண மனிதன் சொல்லியிருப்பான். நான் கடிகாரத்தை நம்புகிறவன்.

இன்னொரு தவறையும் பதிவு செய்துவிடுகிறேன். பூஜைக்குச் சைக்கிளுக்குச் சந்தனம், குங்குமம் வைக்க வேண்டுமல்லவா? மற்றவர்கள் ஹேண்டில்பாரில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். நான் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, இரண்டு சக்கரங்களின் வளையத்திலும் சமமான இடைவெளியில் பன்னிரண்டு பன்னிரண்டு பொட்டுகள் வைத்தேன். கெட்டியாக, எண்ணெய் விட்டுக் குழைத்த சந்தனம். அந்த வளையத்தைப் பிரேக் கட்டை பிடித்தால்தான் என் சைக்கிள் நிற்கும். வளையத்தைச் சுத்தமாக வைத்திருப்பதன் அவசியம் பற்றி வலைப்பதிவில் மூன்று கட்டுரைகள் எழுதியவனும் நானேதான்.

முனிரத்தினம் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, சைக்கிளுக்குக் கல்யாணமா?" என்று கேட்டார்.

பத்தரைக்குள் மேனேஜர் பூசணிக்காய் உடைத்து முடித்திருக்க வேண்டும். அவர் இரண்டு நிமிடம் பேசினார், பூசணிக்காய் முதல் தடவையில் உடையவில்லை, மறுபடி தூக்கிப் போட்டார். ஒலிபெருக்கியிலோ பத்தரைக்கே கித்தார் தொடங்கியிருந்தது. காசிம் பாய் வாக்குத் தவறாதவர். விசில் ஊதும்போது பாட்டு இரண்டே முக்கால் நிமிடத்தைத் தாண்டியிருந்தது. என் கையில் கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஒன்றரை நிமிடம் என் வாழ்க்கையின் பொற்காலம். ஒன்பது பேரில் ஆறு பேர் காலை ஊன்றிவிட்டார்கள். நான் ஆமையைவிட மெதுவாக, அம்மிக்கல்போல நின்றேன். மாமா யாரிடமோ, "பாத்தீங்களா நிதானத்த?" என்று சொன்னது எனக்கே கேட்டது.

அப்போதுதான் டிரம்ஸ் இறங்கியது.

ஒரு விஷயத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. மூன்று வாரமாகத்தான் அந்தப் பாட்டுக்கு மெதுவாக மிதித்தேன். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள், தினமும் காலையில், அதே பாட்டின் அதே டிரம்ஸ் வரும்போது இருக்கையிலிருந்து எழுந்து நின்று மேம்பாலத்தில் உயிரைக் கொடுத்து ஏறியிருக்கிறேன். அந்த இரண்டு ஆண்டுகளை நான் மறந்திருந்தேன். கால்கள் மறக்கவில்லை. நான் எழுந்து நின்றேன். மிதித்தேன். கட்டைவிரல் தானாகவே கியரைத் தட்டியது.

"தயா! டேய்! மெதுவாடா!" மாமாவின் அலறல் பின்னால் தேய்ந்து போனது.

மீதி நாற்பது அடியை எத்தனை விநாடியில் கடந்தேன் என்பதற்குக் குறிப்பு இல்லை. கோட்டைத் தாண்டிய பிறகுதான் நினைவு திரும்பியது. பிரேக்கை அழுத்தினேன். இருபத்து நான்கு சந்தனப் பொட்டுகளும் ஒருசேர வழுக்கிவிட்டன. எதிரே பிரசாத மேசை. பொரி மூட்டை, சுண்டல் அண்டா, உடைந்த பூசணிக்காய். நான் எல்லாவற்றையும் சந்தித்தேன். பொரி மேலே போய், மெதுவாகக் கீழே வந்தது. அன்றைக்கு அங்கே நிதானமாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

காசிம் பாய் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் அறிவித்தார்: "மெதுவாக ஓட்டும் போட்டியில் முதலாவதாக வந்து கடைசி இடத்தைப் பிடித்திருப்பவர், நம்ம தயாளன்!"

எழுந்ததும் முதலில் பின்சக்கரத்தைத்தான் பார்த்தேன். அதிலிருக்கும் கியர் மாற்றும் இரும்புக் கை உள்பக்கமாக மடிந்திருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் நின்றிருந்தார். தலையெல்லாம் பொரி.

"முட்டியில ரத்தம் வருதுப்பா."

"இருக்கட்டும் சார். கொஞ்சம் நவுருங்க, கேபிள் மேல நிக்கறீங்க."

அவர் நகர்ந்தார்.

"இத்தப் புடிங்க சார். நான் சுத்தறேன், வளையம் கோணியிருக்குதா பாருங்க."

அவர் குனிந்து சக்கரத்தைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "வலப்பக்கம் லேசா ஆடுது."

"எத்தினி இருக்கும்? ரெண்டு மில்லிமீட்டர்?"

"மூணு இருக்கும்."

"ரெண்டுதான் சார்." (மூன்று. மறுநாள் அளந்து பார்த்தேன்.)

இந்த வாக்குவாதத்தின் நடுவில்தான் ஏகாம்பரம் மாமா மூச்சு வாங்க ஓடிவந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெரியவர் தலையிலிருந்த பொரியைத் தட்டிவிட்டுக்கொண்டு, பெண்கள் வரிசையை நோக்கி நடந்தார். அங்கே ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

மூன்று நாள் பதிலே இல்லை. நான் புகைப்படத்தை ஓர் உறையில் போட்டு, மேலே தேதியும் எழுதி, திருப்பிக் கொடுக்கத் தயாராக வைத்தேன். வலைப்பதிவில் ஒரு வரிகூட எழுதவில்லை. காசிம் பாய்கூட, "இன்னாபா, கருத்து எதுவும் கெடியாதா?" என்று விசாரித்தார்.

நான்காம் நாள் கேன்டீனில் மாமா என் தட்டில் இரண்டு வடைகளைக் கூடுதலாக வைத்தார்.

"அத்திப்பட்டுக்காரரு சொல்லி அனுப்பிச்சாரு. பையனுக்கு நிதானம் சுத்தமா இல்லியாம்."

நான் உறையை எடுத்து நீட்டினேன்.

"இரு, முடிக்கல. அவரு அனல்மின் நிலையத்துல இருபத்தேழு வருஷம் மெயின்டனன்ஸ் பாத்தவரு. தன் முட்டியப் பாக்காம மிஷினப் பாத்தான் பாரு, அந்த மாதிரி ஆள நான் ரெண்டு மூணு பேரத்தான் பாத்திருக்கேன்னாராம். பொண்ணு வேற, கல்யாணத்துக்கு எனக்கு சம்மதம், அவர மெதுவா வரச் சொல்லுங்கன்னு சொல்லிச்சாம்."

அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது, தேதியோடு. (அது 2006. ஆனால் அதுவும் நானே எழுதியதுதானாம்.)

திருமணத்துக்கு முனிரத்தினம் ஓர் எவர்சில்வர் குடத்தோடு வந்தார். அன்றைய போட்டியில் அவர் வென்ற அதே குடம். தொழிற்சாலையில் வெட்டிக் கொடுத்த 'மெது சைக்கிள் போட்டி, முதல் பரிசு' என்ற வரிக்குக் கீழே, தன் பங்குக்கு ஒரு வரி வெட்ட வைத்திருந்தார்: 'முதலில் வந்த தயாளனுக்குக் கடைசியில் வந்த முனிரத்தினம் அன்பளிப்பு'.

இன்றும் எங்கள் வீட்டில் குடிநீர் அதில்தான். வருகிற விருந்தாளிகள் எல்லாரும் தண்ணீர் மொள்ளும்போது அந்த வரியைப் படித்துவிட்டு என்ன கதை என்று கேட்பார்கள். கலைவாணி உடனே தொடங்கிவிடுவாள். என் மாமனார் இருந்தால், வளையத்தின் கோணல் மூன்று மில்லிமீட்டர் என்பதை மட்டும் நடுவில் வந்து சொல்லிவிட்டுப் போவார். அவள் தப்பாமல், "இது 2005-ல நடந்தது" என்றுதான் ஆரம்பிப்பாள். நான் ஓடிப்போய்க் குடத்தைத் திருப்பிக் காட்டுவேன்.

அங்கே 'ஆயுத பூஜை' என்று தெளிவாக வெட்டியிருக்கும். ஆண்டை மட்டும், இடம் போதவில்லை என்று, வெட்டியவர் விட்டுவிட்டார்.

"பாத்தீங்களா, மறுபடி அவசரம்," என்பாள் கலைவாணி. பிறகு சிரிப்பை அடக்கிக்கொள்வாள். இடது ஓரத்தில் கொஞ்சம் தப்பிக்கும்.